பதினைந்தாவது பெயர்

பயமாயில்லையா கண்ணு உனக்கு, என்று அந்த டாக்டரம்மா கேட்டபோது ஆட்டின் பின்னங்கால்கள் இரண்டும் என் கைகளுக்குள் துடித்துக்கொண்டிருந்தன, குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது, மெத்தென்ற வெள்ளைக் குளம்பு, இன்னும் எந்த மண்ணையும் மிதிக்காத குளம்பு, இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது என்று அவர் சொல்கிறார், சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டு கண்ணை மூடிக்கொள்கிறார், விரல்களால் பார்க்கிறவர் போல, நான் தலையை ஆட்டினேன், பயம் என்றா, பயமில்லை என்றா, எனக்கே தெரியாது, எந்தக் கேள்விக்கும் நான் தலையைத்தான் ஆட்டுவேன், ஆடுகிற தலையிலிருந்து அவரவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். டாக்டரம்மா நல்லதை எடுத்துக்கொண்டார். உன்ற கை நடுங்கவே இல்ல கண்ணு, பதினொண்ணாவதுல பயாலஜி எடு, திருநெல்வேலியிலயே கால்நடைக் காலேஜ் இருக்குது, ப்ளஸ் டூ மார்க்கு வச்சுத்தான் சேப்பாங்க, என்று குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னார், அவர் கோயம்புத்தூர்ப் பக்கம், எங்கள் ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. குட்டி எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது, மறுபடி எழுந்தது, பக்கத்தில் நின்ற என் அய்யா சிரித்துக்கொண்டே, ஏட்டி, நீ டாக்டரானா நம்ம ஆட்டுக்கு ஊசி சும்மா போடுவியா இல்ல எங்கிட்டயும் சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லுவியா என்று கேட்டார், அதற்கும் தலையாட்டினேன், ஆனால் அன்றைக்கு நோட்டில் எழுதினேன், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், நான்கையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா வரும் சத்தம் கேட்டதும் நோட்டை பீடி இலைச் சாக்குக்கு அடியில் தள்ளினேன்.

பத்தாவதில் நானூற்றுப் பதினெட்டு. கணக்கில்தான் குறைவு, அறுபத்தொன்று. சேர்க்கை நாளன்று தலைமையாசிரியர் அறை வாசலிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் வரிசை, என்ன குரூப்பு, என்ன குரூப்பு, என்று வரிசை முழுக்க ஒரே கேள்வி, அறிவியல் குரூப்பில் கணக்கு கிடையாது என்பதால் எல்லாப் பிள்ளைகளும் அதன் பக்கம்தான் சாய்கிறார்கள், கம்ப்யூட்டர் குரூப்ல கணக்கு இருக்குட்டி, அதுக்கு நான் கெணத்துல குதிச்சிருவேன், என்றாள் எனக்கு முன்னால் நின்ற தெய்வக்கனி, எங்கள் தெருக்காரி, ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள், நாம ரெண்டு பேரும் அறிவியலு, டீச்சர் கேட்டா வாயத் தொறந்து சொல்லணும், தலைய ஆட்டுன கொன்னுருவேன். அப்போதுதான் எப்சிபா டீச்சர் வந்து என் தோளைத் தொட்டார். இங்க வா, என்றார், நான் வரிசையை விட்டு அவர் பின்னால் போனேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம், குழாய் சொட்டிக்கொண்டிருந்த இடம், எப்சிபா டீச்சர் மேல்வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர், பத்தாவதில் எங்கள் சார் விடுப்பில் போனபோது இரண்டு மாதம் எங்களுக்கும் வந்தார், தப்பாகப் போட்டாலும் திட்ட மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து அழித்து அழித்துச் சொல்லித்தருவார், இப்போது கைக்குழந்தைக்காரர், மூன்றாவது பீரியட் ஆனால் அவர் ரவிக்கை நனைந்துவிடும், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பாடம் நடத்துவார், மணி அடித்ததும் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடுவார், ஓடுகிற அவரை வாசல் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கம்ப்யூட்டர் குரூப்ல பதினாலு பேருதான் சேந்திருக்காவ, என்றார் டீச்சர், ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி தலை எண்ணுவாங்க, பதினஞ்சு இல்லேன்னா குரூப்ப மூடிட்டு என்னத் தூக்கி எங்கயோ போட்டுருவாங்க, புள்ளைக்கு அஞ்சு மாசம், அத வச்சுக்கிட்டு நான் எங்க போவேன் சொல்லு. நான் சொட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்னைய அந்த குரூப்ல படின்னு சொல்லல, பேர மட்டும் எழுது, ஆகஸ்ட் ரெண்டாந்தேதி நானே மாத்தித் தாரேன், சத்தியமா. பிறகு குரலைத் தாழ்த்தி, மத்த புள்ளைகள்ட்ட கேட்டா வீட்ல போய்ச் சொல்லிரும், நீ சொல்ல மாட்ட, என்றார், அதைப் பாராட்டு போலத்தான் சொன்னார், நானும் பாராட்டு போலத்தான் வாங்கிக்கொண்டேன், இப்போது நினைக்கையில் அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருந்தது என்று தோன்றுகிறது, நான் சொல்ல மாட்டேன், அதனால் நான். தலை ஆடியது. சேர்க்கைப் படிவத்தில் அம்மா எதையும் வாசிக்காமல், டீச்சர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஜூலை முழுக்க விருந்துக்குப் போன வீட்டில் இருப்பதுபோல இருந்தேன், கடைசி பெஞ்சில், புத்தகத்துக்கு அட்டை போடாமல், இது என் வகுப்பில்லை, இவை என் பாடங்களில்லை, ஆகஸ்ட் வரட்டும், கரும்பலகையில் சைனும் காஸும் ஓடின, நான் சுவருக்கு அந்தப் பக்கம் காது வைத்திருந்தேன், அங்கே விலங்கியல் வகுப்பு, தவளையின் இதயத்தில் மூன்று அறைகள் என்று பிள்ளைகள் சேர்ந்து சொல்வது கேட்கும், மூன்று அறைகள், மூன்று அறைகள், கணக்கு நோட்டில் தவளையின் இதயத்தை வரைந்து வைத்தேன், பார்க்காததை, காதால் கேட்டதை. ஆகஸ்ட் முதல் தேதி ஓர் அதிகாரி வந்து எண்ணினார், ஒவ்வொருவராக எழுந்து நின்றோம், நான் எழுந்தபோது பதினஞ்சு என்று அவர் வாய்விட்டுச் சொன்னார், எப்சிபா டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் முதுகு தளர்வது எனக்குத் தெரிந்தது, ஒரு தாய் காப்பாற்றப்பட்டாள் என்று அந்த நிமிடம் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. இரண்டாம் தேதி ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றேன். இந்த வாரம் போவட்டும், என்றார் டீச்சர். அடுத்த வாரம், அவரு திரும்ப வந்து பாத்தாலும் பாப்பாராம், கொஞ்சம் பொறு. அதற்கடுத்த வாரம், பேரெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சாம்மா, நான் ஹெச்.எம். கிட்டப் பேசுதேன். பிறகு நான் வாசலில் நின்றால் அவர் வேறு வாசல் வழியாகப் போகத் தொடங்கினார். தெய்வக்கனி குடைந்து குடைந்து கேட்டு எல்லாவற்றையும் என்னிடமிருந்து வாங்கியிருந்தாள், அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை, வாயில என்ன கொழுக்கட்டையாட்டி வச்சிருக்க, ஹெச்.எம். ரூமுக்குப் போயி சொல்லு, இல்லேன்னா நான் போயி சொல்லுதேன் என்று கிளம்பினாள், நான் அவள் தாவணியைப் பிடித்து இழுத்துக்கொண்டேன், சொன்னால் டீச்சருக்கு என்ன ஆகும், குழந்தைக்கு என்ன ஆகும் என்று முனகினேன், ஒம்புள்ளையா அது, என்றாள் தெய்வக்கனி, வெடுக்கென்று தாவணியை உருவிக்கொண்டு போய்விட்டாள், அதற்குப் பிறகு பள்ளிக்கு அவள் என்னைக் கூப்பிட வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு கனவு அடிக்கடி வரும், ஆட்டின் வயிற்றுக்குள் என் கை இருக்கிறது, மடங்கிய காலைத் தேடுகிறேன், விரலில் தட்டுப்படுவது கால் இல்லை, சாக்பீஸ், ஒன்று, இரண்டு, எண்ண எண்ணப் பதினான்குதான் வருகிறது. அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தாளில் என் பெயரை எழுதினேன், எண்ணை எழுதினேன், ஒரே ஒரு கணக்கைப் பாதி போட்டு அடித்துவிட்டேன், மிச்ச நேரம் முழுக்க வேப்பமரத்தில் அணில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் கொடுத்த நாளில் டீச்சர் என் மேசையில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். திருப்பினேன். முப்பத்தைந்து. வெறும் தாள்களுக்கு மேலே சிவப்பு மையில் அழகாக, வட்டமிட்டு, முப்பத்தைந்து. முன் பெஞ்சுப் பிள்ளை எட்டிப் பார்த்து, ஏ, நீ பாஸாட்டி, என்றாள். பாஸ். இப்படித்தான் பள்ளிப் பரீட்சை ஒவ்வொன்றிலும் என்னைக் கைபிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடப் போகிறார், யாருக்கும் கேடில்லாமல், முகத்தைப் பார்க்காமல், என்று புரிந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன், மறுநாள் பொங்கல் விடுமுறை, விடுமுறை முடிந்த பிறகும் நான் போகவில்லை. அம்மா ஒரு வாரம் கெஞ்சினாள், ஒரு வாரம் ஏசினாள், எந்தப் பய என்ன செஞ்சான் சொல்லுட்டி என்றுகூடக் கேட்டாள், பிறகு ஒருநாள் பீடி சுற்றும் சொளவையும் கத்தரியையும் என் முன்னால் தள்ளிவைத்தாள். இலை வெட்டுகிறேன், தூள் வைத்துச் சுற்றுகிறேன், நூல் கட்டுகிறேன், கணக்கு நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில் அம்மா கடைக்குப் போயிருக்கும் நேரம் இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஏப்ரலில் ஒரு பகல், வெயில் தெருவை வெள்ளையாக்கியிருந்தது, குடையை மடக்கிக்கொண்டு வாசலில் ஒருவர் குனிந்து நுழைகிறார், படிப்பை விட்ட பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்களைத் தெருத்தெருவாக அனுப்புவார்கள், எங்கள் தெருவுக்கு எப்சிபா டீச்சர் வாய்த்திருந்தார், கதவு எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார், திரும்பிப் போக முடியாது, அம்மா பார்த்துவிட்டாள், வாங்க டீச்சர், வாங்க, எங்க வீட்டுக்கெல்லாம் வந்திருக்கிய, உக்காருங்க, ஏட்டி அந்த முக்காலிய இங்க போடு, புள்ள எப்படி இருக்கான், நடக்கானா. நடக்கான், என்றார் டீச்சர், சுவரைப் பிடிச்சு நடக்கான். அவர் ரவிக்கை இப்போது உலர்ந்திருந்தது, புத்தகத்துக்குப் பதில் படிவங்களை மார்போடு அணைத்திருந்தார். என் பெயர், வயது, நின்ற வகுப்பு, எதையும் கேட்காமல் தானே எழுதினார். பிறகு பேனா நின்றது. அங்கே கொட்டை எழுத்தில் இருந்தது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது, இடைநின்றதற்கான காரணம், கீழே கட்டங்கள், வறுமை, குடும்ப வேலை, திருமணம், உடல்நலக் குறைவு, படிப்பில் விருப்பமின்மை. நீங்களே கேளுங்க டீச்சர், என்றாள் அம்மா, அவ அய்யா ஆடு மேய்க்கப் போனாலும் இவள ஒரு நா அனுப்புனதில்ல, கல்யாணப் பேச்சே எடுக்கல, எதுக்கு நின்னான்னு பெத்தவளுக்கே தெரியல, எங்கிட்டதான் வாயத் தொறக்க மாட்டேங்கா, ஒங்ககிட்ட சொல்லுவா. டீச்சர் பேனா முனையால் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பிறகு மிக மெதுவாக, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பேசிய அதே குரலில், விருப்பமில்லன்னு போட்டுரவாம்மா, என்று என்னைக் கேட்டார். பேனாவின் முனை அந்தக் கட்டத்தின் மேல் வந்து நின்றது. என் கழுத்து தானாக அசையத் தயாராவது எனக்குத் தெரிந்தது, ஒரே ஒரு முறை, கீழும் மேலுமாக, அது போதும், அவர் எழுந்து போய்விடலாம், அம்மா பெருமூச்சு விடலாம், எனக்குப் படிப்பில் விருப்பமில்லை என்று அரசாங்கத்தின் தாளில் எப்போதைக்கும் இருக்கும். கையிலிருந்த பீடியைக் கட்டாமல் கீழே வைத்தேன். இல்ல டீச்சர், என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, சளி பிடித்ததுபோல வந்தது. எனக்கு விருப்பம் இருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியும்லா.

அம்மா என்னைப் பார்க்கிறாள், டீச்சரைப் பார்க்கிறாள், என்னட்டி சொல்லுத, டீச்சருக்கு என்ன தெரியும், என்ன டீச்சர் சொல்லுதா இவ, என்று மாறி மாறிக் கேட்கிறாள், டீச்சரின் உதடு ஒருமுறை திறக்கிறது, எனக்குத் தெரிந்த உதடு அது, சொல்ல வந்து திரும்பிப் போகிற சொல்லை என் வாயிலேயே பத்து வருடமாக நான் அறிவேன், பேனாவை மூடினார், எந்தக் கட்டத்திலும் குறியிடாத படிவத்தை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினார், எழுந்தார், செருப்பை மாட்டும்போது கால் இரண்டு முறை தவறியது, குடையை விரிக்காமலேயே வெள்ளைத் தெருவில் இறங்கி, அடுத்த வீட்டைத் தாண்டி, அதற்கடுத்த வீட்டையும் தாண்டி, எங்கும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்.