சோடியில்லாத அறிவித்தல்

கல்முனைக்குடிக் கடலில் ஒரு நெத்தலி தும்மினாலும் தன் காதுக்குக் கேட்கும் என்பார் பதியுதீன். அதிலும் வலது காது தனி ரகம். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்குமுள்ள பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தினாலும், எந்தப் பள்ளி, பாங்கு சொல்வது எந்த மோதினார், அவருக்கு அன்றைக்குச் சளியா இல்லையா என்று பிரித்து எடுத்துவிடுமாம். தெற்கிலிருந்து காற்றடித்தால் நிந்தவூரும் சேர்த்தி. புள்ளிவிபர உத்தியோகத்தராக இருந்த காலத்தில் மேலதிகாரிகள் சொன்ன எதையும் கேட்காமல் மிச்சம் பிடித்து வைத்த காது, ஓய்வுபெற்ற பிறகுதான் செலவாகிறது என்று கண்ணைச் சிமிட்டுவார்.

"தேத்தண்ணி ஆத்துற சத்தம் மட்டும்தான் அந்தக் காதுக்குக் கேக்கும். தேங்கா வாங்கிவரச் சென்னா அடைச்சிரும்" என்பது அவர் மனைவி மைமூனாவின் தீர்ப்பு. ஊரும் அதே கட்சிதான்.

அந்தச் சனிக்கிழமை காலை, அவருடைய ஒரே மகள் நதீரா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுகாதாரப் பணிமனையில் அவளுக்கு வேலை. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் இந்த வருடம் வழமையைவிடக் கூடுதலாக மௌத்தாகிறார்களா என்று கணக்குப் பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். கணக்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முந்திய வருடங்களைப் பார்த்தால், அந்த வயதில் எட்டுப் பேர் எப்படியும் போவார்கள் என்று வந்தது. போனவர்கள் பதினைந்து. மோட்டார்சைக்கிளில் போனவர்கள், சிறுநீரகம் பழுதாகிப் போனவர்கள், படகோடு போய்த் திரும்பாதவர்கள், நித்திரைக்குப் போய் எழும்பாத ஒருவன். பதினைந்தில் எட்டைக் கழித்தால் ஏழு. ஏழு பேர் கணக்குக்கு மேலே.

எந்த ஏழு பேர் என்று கணக்குச் சொல்லாது. பதியுதீனுக்கு இந்த வித்தையில் பிடிபடாத இடம் எப்போதும் அதுதான். மையவாடியில் பதினைந்து பேரும் ஒரே மண்ணில் ஒரே மாதிரித்தான் கிடக்கிறார்கள். போக இருந்தவன் யார், வீணாகப் போனவன் யார் என்று தலைமாட்டில் நட்ட எந்த மீசான் கட்டையிலும் எழுதியில்லை.

"பதினஞ்சு இல்ல மகள். பதினாறு" என்றார்.

அலுமாரிக்கு மேலிருந்த ஜாம் போத்தலை எடுத்து மேசையில் கவிழ்த்தார். புளியங்கொட்டைகள் உருண்டன. பள்ளியில் வாலிபன் ஒருவனின் ஜனாஸா அறிவிக்கப்படும் போதெல்லாம் அவர் ஒரு கொட்டை போடுவார்.

"அந்தக் காதால எண்ணின எண்ணிக்கையா?" நதீரா சிரித்தாள். "வாப்பா, மாப்புளமார நீங்க ரெண்டு தரம் எண்ணியிருப்பீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பவன். அவன் மௌத்தானால் மனைவியின் ஊர்ப் பள்ளி ஒருதரம் அறிவிக்கும். உம்மாவின் ஊர்ப் பள்ளி இன்னொருதரம். ஓர் உயிருக்கு இரண்டு கொட்டை.

"எனக்கே கணக்குப் படிப்பிக்கிறா" என்று பதியுதீன் கொட்டைகளைச் சோடி சேர்க்கத் தொடங்கினார். கலியாணம் முடித்த ஒன்பது பேருக்கு ஒன்பது சோடி. முடிக்காத ஆறு பேருக்கும், பெயரைச் சொல்லிச் சொல்லி, ஆளுக்கொரு கொட்டை. மேசை நடுவில் ஒன்று மிஞ்சியது.

அறைக்குள்ளிருந்து மருமகன் ஷிப்லி குரல் கொடுத்தான். "நதீரா, பைக் திறப்பக் கண்டயா? பொத்துவில்ல ரெண்டு ஃப்ரிட்ஜ் செத்துக் கிடக்கு. நான் போய்த்தான் உயிர் குடுக்கணும்." அவன் நிந்தவூரான். கோமாரி தாண்டிக் கடற்கரை ஹோட்டல்களுக்குப் போய் ஃப்ரிட்ஜ் திருத்துகிறவன். காலையிலிருந்து பைக் சாவியைத் தேடுகிறான்.

"ஒழுங்கா வெச்சிருந்தா தேடத் தேவல்லியே" என்றாள் நதீரா, தலையைத் திருப்பாமல்.

பதியுதீன் மிஞ்சிய கொட்டையைப் பார்த்தார். எத்தனையோ பொய்களை ஊருக்கு அள்ளிக் கொடுத்தவர், இந்த ஓர் உண்மையை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நின்றபோது வந்த அறிவித்தல் அது. அவர் அறிந்த எந்த மோதினாரின் குரலுமில்லை. சளியில்லை, மூச்சுமில்லை. 'ஓய்வுபெற்ற புள்ளிவிபர உத்தியோகத்தர் பதியுதீன் அவர்களின் மருமகனும்' என்று தொடங்கியது. பதவியைச் சரியாகச் சொல்கிறார்களே என்று முதலில் அவருக்குப் பெருமையும் புளுகமுமாகத்தான் இருந்தது. பிறகுதான் மருமகன் என்ற சொல் உறைத்தது. மீதியைக் கடல் விழுங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்தால், ஷிப்லி வாசலில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பைக் கழுவிக்கொண்டிருந்தான். கூச்சத்தோடு உள்ளே போய் ஒரு கொட்டையைப் போத்தலில் போட்டார்.

"இது மாப்புள ஒருவன்ட. பொஞ்சாதிட ஊரில மட்டும் அறிவிச்ச" என்றார் தணிந்த குரலில். "உம்மாட ஊரில இன்னும் அறிவிக்கல்ல."

"சும்மா கதைக்காதீங்க வாப்பா." நதீராவின் குரல் உயர்ந்தது. "அண்டைக்கு ஊர்முழுக்கக் கரண்ட் இல்ல. பள்ளி ஜெனரேட்டரும் பழுது. எப்பிடி அறிவிப்பாங்க?"

பதியுதீன் கொட்டையிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தார்.

"நான் எண்டைக்கெண்டு சொல்லல்லியே மகள்."

அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து என்ற எண்ணுக்குப் பக்கத்தில் குறி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"மாமா!" ஷிப்லி கட்டிலுக்கடியிலிருந்து சிரித்தான். "உங்கட காதால ஒருக்காக் கேட்டுப் பாருங்களன், அந்தத் திறப்பு எங்க கிடந்து கிலுங்குதெண்டு!"

பதியுதீனுக்குக் கேட்டது. மேசைக்குக் கீழே, மகளின் மடியில், இறுகப் பொத்திய விரல்களுக்குள் இரும்பு மெல்ல உரசியது.

வெளியே தென்னோலைகள் திரும்பின. காற்று தெற்கிலிருந்து, நிந்தவூர்ப் பக்கமிருந்து வரத் தொடங்கியிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். நதீரா எழுந்து போய், திறப்பைப் பொத்திய கையாலேயே ஜன்னலைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். அப்படியே சாய்ந்து நின்றாள்.

"ஓம் வாப்பா. நானும் கேட்ட" என்றாள். "நீங்க மருமகன் எண்ட வரைக்கும்தான் கேட்டிருப்பீங்க. எனக்குப் பேரும் கேட்டிச்சி."