மாமனாரின் யூரின் கேன்

எனக்கு மாமனாராக வரப்போகிற சின்னராசு, நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கே வந்து படுத்தார். கொல்லிமலை அடிவாரத்தில் வேறு ஆஸ்பத்திரியா இல்லை? "நம்ம புள்ள இருக்கற எடமுங்க" என்று மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கிவிட்டார்கள். மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கிக் கணுக்காலில் காயம். பச்சிலை வைத்துக் கட்டி, சீழ் பிடித்து, முழங்கால்வரை வீங்கிய பிறகுதான் வந்தார்கள்.

காலைக் காப்பாற்ற பானுமதி டாக்டர் இரண்டு ஆன்டிபயாடிக் சேர்த்துப் போட்டார்.

"ரெண்டும் சேர்ந்தா சில பேருக்குக் கிட்னியைப் பாதிக்கும் சுகுணா. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கோ. தினமும் ரத்தம் எடு. யூரின் எவ்வளவு போகுதுன்னு ஒவ்வொரு தடவையும் அளந்து பாரு."

அளவு நன்றாகத்தான் இருந்தது. கோடு போட்ட கேனை, எனக்கு மாமியாராகப் போகிற மாராயி அத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து நீட்டுவார். மாமா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நிச்சயம் ஆன நாளிலிருந்து என் முகம் பார்த்துப் பேசாத மனிதர்.

ஒருநாள் காலை ரத்தத்தில், கிட்னி கெட்டால் கூடும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. டாக்டர் குழம்பினார்.

"யூரின் இவ்வளவு போகுதே. மருந்தை நிறுத்தினா கால் போயிடும். மத்தியான டோஸைப் போடு. சாயங்காலம் மறுபடி ரத்தம் பார்ப்போம்."

மத்தியானம் மருந்து பாட்டிலைக் கம்பியில் மாட்டினேன். அத்தை கேனை நீட்டினார். வாங்கினால் சில்லென்று இருந்தது. இப்போதுதான் உடம்பிலிருந்து வந்தது எப்படிச் சில்லிடும்? மருந்தைத் திறக்காமல் நின்றேன்.

"அத்தை, இதுல தண்ணி ஊத்துனீங்களா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். கட்டிலில் மாமாவின் முதுகு அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மருந்து ஏத்தணுமுங்க. சொல்லுங்க."

"மருமக கையில இதைக் குடுக்கறதான்னு மாமா தண்ணியே குடிக்கறதில்லீங்க கண்ணு. நாக்கை நனைக்கறதோட சரி. சொட்டுச் சொட்டாத்தான் போகுது. அளவு கொறைஞ்சா நீ பயந்துக்குவியேன்னு நாந்தான் கொழாத்தண்ணியப் புடிச்சு ஊத்தினேன்."

டாக்டரிடம் ஓடினேன். அவர் ஒரு மருந்தை உடனே மாற்றினார். குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். கிட்னி தேறுமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

திரும்பி வந்து, மாமாவின் முகம் இருக்கும் பக்கமே போய் நின்றேன். பாதி பயம், பாதி ஆத்திரம்.

"வைகாசியில நீங்க முன்னால நின்னு அட்சதை போடணுமுங்களா, இல்ல உங்க போட்டோவுக்கு மாலை போட்டுட்டு நாங்க தாலி கட்டிக்கணுமுங்களா? நீங்களே சொல்லுங்க மாமா."

அவர் கண் கலங்கியது. நான் நீட்டிய தண்ணீர் டம்ளரை வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் கிரியாட்டினின் இன்னும் ஏறியது. அன்றும் மறுநாளும் கேனில் வந்தது ஒரு கையளவு, அதுவும் டிகாஷன் நிறத்தில். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற அவர் மகன் பிரேமிடமிருந்து போன் வந்தால் எடுக்கவே பயந்தேன். அவனிடம் என்னவென்று சொல்வது?

அதற்கடுத்த நாள் காலை. வார்டு நிறைய ஆட்கள், டாக்டர் ரவுண்ட்ஸ் வேறு. என் பெயரை ஒருநாளும் சொல்லாத மனிதர் மூலைக் கட்டிலிலிருந்து உரக்கக் கூப்பிட்டார்.

"சுகுணா கண்ணு, கேனைக் கொண்டா சாமி. நெறைய வருது."

வார்டே சிரித்தது. நான் அழுதுகொண்டே ஓடினேன்.