புவியியல் பாடத்தில் பிடுங்கப்பட்ட கட்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஈப்போ கோப்பிக் கடையில் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர், "எண்பதுகள்லயே பிள்ளைங்கள கேள்வி கேக்க விட்டோம்லா!" என்று மார்தட்டினார். விட்டீர்கள், சரி. கேட்ட பிள்ளை என்ன ஆனது? அதற்குள் அவருக்கு ரொட்டி வந்துவிட்டது.

2

'பனி படர்ந்த ரப்பர்க் காட்டின் மேல் காலைக் கதிரவன் தன் பொற்...' (சீ! வேண்டாம்.)

மறுபடி. 1984. தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளி. கார்த்திகேசு வாத்தியார் ஈப்போவில் பயிற்சி முடித்து, புவியியலைக் கரைத்துக் குடித்தவராகத் திரும்பினார். இனி ஆறுகளின் பெயரை ஒப்பிக்க வேண்டாமாம். பிள்ளைகளே வெளியே போய், விசாரித்து, சான்று கொண்டுவர வேண்டுமாம். (இவரை நல்லவராக எழுதுவதா, அசடாகவா? இரண்டுக்கும் அதிகத் தூரமில்லை.)

"நம்ம தோட்டத்துல புதுசா என்ன மாறியிருக்கு? ஏன்? சான்றோட வாங்க."

மற்றவர்கள் இலை, கல் என்று கொண்டுவந்தார்கள். ஐந்தாம் வகுப்பு வீரம்மா சிவப்புச் சாயம் பூசிய கட்டைகளை இரு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். நிலம் அளக்க வந்தவர்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றி அடித்துவிட்டுப் போன கட்டைகள்.

"ஆபீஸ் சின்னக் கிராணிகிட்ட விசாரிச்சேன் சார். தோட்டத்த வித்தாச்சாம். லயத்த ஒடைக்கப் போறாங்களாம். நாங்க எங்க சார் போறது?"

பயிற்சியில் இது வரவில்லை. வாத்தியார் "சபாஷ்" என்று சொல்லி, கட்டைகளைக் காட்சி மேசையில் அடுக்கினார். அசடுதான்.

3

மறுநாளே பெரிய கிராணி அர்ச்சுனன் வந்துவிட்டார். (கிராணி: தோட்ட ஆபீஸ் எழுத்தர். மானேஜர் தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்பவர்.)

"யாரு பிடுங்குனது? பேரச் சொல்லுங்க சார். அந்தக் குடும்பம் இந்த வாரமே வெளியேறணும், மானேஜர் உத்தரவு. மறைச்சா, நீங்க இருக்கறதும் தோட்டத்து வீடுதான்லா."

முடிவு அ: வகுப்பே 'நான்தான்' என்று எழுந்து நின்றது. (சினிமாவா இது?)

முடிவு ஆ: 'நான்தான் பிடுங்கினேன்' என்று வாத்தியார் நெஞ்சை நிமிர்த்... (வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். எந்த நெஞ்சு நிமிரும்?)

முடிவு இ: பெயரைச் சொன்னார். பிறகு நல்லாசிரியர் விருதும் வாங்கினார். (நடந்திருந்தால் இப்படித்தான் நடந்திருக்கும். எழுத எனக்குக் கை வரவில்லை.)

4

ஆகவே, நீங்களே முடியுங்கள். நழுவாதீர்கள், இவ்வளவு நேரம் சிரித்தது நீங்கள்தானே? வாங்க, வாத்தியார் மேசைக்குப் பின்னால் நில்லுங்கள். அர்ச்சுனன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். முதல் பெஞ்சில் வீரம்மா, எங்கே போவது என்று நீங்கள் இன்னும் சொல்லாததால், உயர்த்திய கையை இறக்கவேயில்லை.

இருவரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். இருவரும் கேட்பது ஒன்றுதான்.

"சொல்லுங்க சார்."