என் பிள்ளைக்கும் வரி போடுங்க

“வரி போடுண்ணே! எம் புள்ளைக்கு வரி போட்டுட்டு அப்புறம் எழுந்து போ!”

மலர்கொடி கத்திய கத்தலில் கோயில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து பக்கத்து ஊர் அனுமந்தைப் பக்கம் போய்விட்டது. ஊர்த்தலைவர் பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டவர் அப்படியே நின்றார். வரியைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டவர்களை எங்கள் குப்பம் நிறையப் பார்த்திருக்கிறது. போடச் சொல்லிச் சண்டைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

“ஏம்மா, பாவம்மா அது. அந்தப் புள்ளைகிட்ட போயி வரி வாங்கினா நாங்கல்லாம் மனுசனா?”

“பாவம் பாவம்னு சொல்லியே அவன ஊருக்கு வெளிய தள்ளிட்டீங்களேண்ணே!”

பஞ்சாயத்துக்குப் பெண்கள் வருவதில்லை. மலர்கொடி உப்பளத்திலிருந்து, முழங்கால் வரை உப்புப் பூத்த காலோடு நேரே வந்திருந்தாள். நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, காக்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக வீட்டுக் கூரைமேல் காயப்போடுகிற கருவாட்டை அன்றைக்குப் பார்த்துக் கோயில் பக்கம் ஏன் கொண்டுபோனேன் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு வேறு வேலை இல்லை.

ஏழு வருஷம் ஆகிறது. எங்கள் குப்பத்தில் பையனுக்குப் பதினெட்டு முடிந்ததும் ஊர் வரி போடுவார்கள். வரி கட்டினால்தான் அவன் ஓர் ஆள். கூட்டத்தில் பேசலாம், ஊர்ப் பணத்தில் உதவி கேட்கலாம். மலர்கொடிக்கும் கலியனுக்கும் ஒரே மகன் தேவா. பிறவியிலிருந்தே இரண்டு காலும் விளங்காது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் இரண்டு வருஷம் பிந்திப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, பன்னிரண்டாவதில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் முந்தினான். சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. வண்டி ஏறச் சரிவு, குளியலறையில் கைப்பிடி, தூக்கி இறக்க ஆள் எல்லாம் உள்ள விடுதி. படிப்புக்கு அரசாங்கம் கொடுத்தது. விடுதிக்கும் அந்த ஆளுக்கும் சேர்த்து வருஷத்துக்கு எண்பதாயிரம். பாதியைத் தேற்றிவிட்டார்கள். மீதியை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். அன்றைக்குச் செவ்வாய்.

ஊர்ப் பணத்தில் கேட்டதற்குப் பொருளாளர் புருஷோத்தமன் சட்டம் சொன்னார். வரி கட்டுகிறவன் படிக்கப் போனால்தான் உதவி. தேவாவுக்கு வரி வேண்டாம் என்று முந்தைய வருஷம் முடிவெடுத்தது இதே கூட்டம், அதுவும் இரக்கப்பட்டு. நான்கூட ‘நல்ல மனசு’ என்று நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

“சரி, வரி கட்டிட்டா ஆச்சா?” என்றார் புருஷோத்தமன். “படகு இழுக்கணும், திருவிழாவுக்குப் பந்தல் போடணும். அவன் எந்த வேலைய செய்வான்?”

“மைக்கு என்கிட்ட குடுங்க சித்தப்பா!”

ரோட்டிலிருந்து தேவாவின் குரல். மணலில் வண்டி வராது, அதனால் அங்கேயே நின்றிருந்தான். “முருகையன் தாத்தா போன தபா புயல் வருதுன்னு சொன்னப்ப, புயல் ஆந்திரா போயி சேர்ந்துட்டுது!”

கூட்டமே சிரித்தது. கோயில் மைக்கில் ஊருக்கு அறிவிப்புச் சொல்கிற முருகையனும் பொக்கை வாயால் சிரித்தார். புருஷோத்தமன் மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் கலியன் எழுந்தான். பேசுகிற ஆளில்லை, அவன் பங்கையும் சேர்த்து மலர்கொடியே பேசிவிடுவாள். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தான்.

“போன வருசத்து வரி. அன்னிக்கே எடுத்து வெச்சேன். நீங்க எங்க வாசல்ல நிக்கல.”

எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். முதல் வரி என்றால் வாசலில் தண்ணீர் தெளித்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, தகப்பன் பக்கத்தில் நிற்க மகன் கையால் கொடுப்பது வழக்கம். கலியன் கஞ்சி மொடமொடப்போடு புது வேட்டி கட்டி, தட்டோடு நின்றான். பக்கத்தில் வண்டியில் தேவா, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி. வரி வாங்க வந்தவர்கள் என் வீட்டில் வாங்கிக்கொண்டு, அவர்களைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு, தாண்டிப் போனார்கள். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். வேலி இடுக்கில் நான் பார்த்த எத்தனையோ சங்கதிகளில் அது ஒன்றைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

பக்கிரி பொட்டலத்தை வாங்கவில்லை. “எங்கிட்ட குடுக்காத கலியா. அவன் குடுக்கட்டும்” என்று மணலில் இறங்கி நடந்தார். பஞ்சாயத்தே எழுந்து ரோட்டுக்குப் போனது. நடு ரோட்டில், புதுச்சேரி பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, தேவா தன் கையால் கொடுக்க, பக்கிரி இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். பிறகு புருஷோத்தமனைப் பார்த்தார். “இன்னும் என்னப்பா சட்டம்?”

வியாழக்கிழமை பணம் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் மூன்று வருஷம், தேவா லீவுக்கு வரும்போதெல்லாம் மைக் அவனிடம்தான். “காத்து பலமா இருக்குது, யாரும் கடலுக்குப் போவாதீங்க. புருஷோத்தமன் சித்தப்பா, உங்க மாடு உப்புப் பாத்தில நிக்குது. பக்கத்து வீட்டு அத்தை, எங்க வேலியிலேருந்து காத எடுங்க.” ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தேன். இப்போது நினைத்தால், அந்த ஒரு வாரத்தை வீணாக்கியிருக்க வேண்டாம்.

தேவாவுக்கு விழுப்புரத்தில் பேங்க் வேலை. கூடப் படித்த கீதாஞ்சலியைக் கட்டிக்கொண்டான். அவளுக்குக் கண் தெரியாது. வாய் மாமியாருக்குச் சமம். கலியனும் மலர்கொடியும் அவர்களோடு போய்விட்டார்கள். அடுத்த வீட்டில் இப்போது வாடகைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி. கல்யாணமாகி இரண்டு வருஷமாம். இதுவரை ஒரு நாள்கூடச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.