லாரியில் விட்டுவந்த மாத்திரை

சலவைக் கடையில் பாக்கெட் சோதிப்பது என் வேலை. துணியை இயந்திரத்தில் போடும் முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். சாவி, பேனா, காதல் கடிதம் என்று எது கிடைத்தாலும் உரியவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடையில் மூடிக்கொள்வேன். வீட்டில் எனக்கு ஓட்டை வாய்.

நேற்று என் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறதாம். "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

லாரி ஓட்டும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திகைக்கவே இல்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

இன்று காலை நர்ஸின் அதே அறையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வருஷமாகத் தெரியுமாம். லாரியில் போகும்போது மாத்திரை சாப்பிடுவாராம். மாதத்தில் வீட்டில் இருக்கும் பத்து நாளும் டப்பி லாரியின் டூல்பாக்ஸிலேயே கிடக்குமாம்.

"ஒருநாள் விடாம சாப்பிட்டு, டெஸ்ட்ல கிருமியே தெரியாத அளவுக்கு வச்சிருந்தா, இவங்களுக்கு வந்திருக்காதே ஐயா" என்றார் நர்ஸ்.

எனக்கு வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. "ஏன் வீட்டுக்குக் கொண்டு வரல?"

"உன் கைக்குத் தப்புன பாக்கெட் உண்டா?"

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். அன்னைக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டே, எவன் பாக்கெட்லயோ கிடைச்ச ஆஸ்பத்திரி சீட்டைப் பத்திச் சொன்னியே."

ஞாபகம் வந்தது. யாரோ ஒருவரின் எச்.ஐ.வி. சிகிச்சைச் சீட்டு. "நானா இருந்தா அவனையும் அவன் பெட்டியையும் தெருவுல தூக்கி வீசியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, புரையேறும்வரை சிரித்தேன். அவரும் சிரித்தார். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். வண்டி ஓட்டிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. எனக்குத் தெரியாமல் என் உயிரோடு விளையாடியிருக்கிறார். இந்தக் கோபம் எனக்கு ஆயுசுக்கும் ஆறாது. ஆனால் அன்று நான் சிரித்த அந்தச் சிரிப்பும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மதியம் கடைக்குப் போனேன். ஒரு கோட் பாக்கெட்டில் பல்செட் கிடைத்தது. வேறு நாளாக இருந்தால் அதைச் சொல்லியே வீட்டை ரெண்டாக்கியிருப்பேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அடுக்களை அலமாரியில் அவருடைய டப்பி இருந்தது. பக்கத்தில், காலையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த என்னுடையது. சாப்பிட உட்கார்ந்ததும், எப்போதும்போலக் கேட்டார்.

"இன்னைக்குப் பாக்கெட்ல என்ன கிடைச்சுது?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.