சிரிக்காத பிணங்கள்

விடிவதற்குள் எங்களைச் சாகடித்துவிட வேண்டும் என்பது மேக்கப்காரருக்கு உத்தரவு. வேர்வை கிளம்பிவிட்டால் முகத்தில் கூழ் ஒட்டாது. ஆகவே கிழக்கு வெளுக்கும்போதே நெல் காயவைக்கும் களத்தில் வரிசையாக உட்கார்ந்துவிடுவோம். ஒரு வாளியில் மைதாக் கூழும் கோந்தும். இன்னொரு வாளியில் ரத்தம், அதாவது சிவப்புச் சாயம் கலந்த வெல்லப்பாகு. வெள்ளையடிக்கும் பிரஷ்ஷால் ஒருவர் பூசிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் மெல்லிய தாளைக் கிழித்து, சதை தொங்குவது மாதிரி கன்னத்தில் ஒட்டுவார். கூழ் காயக் காயத் தோலைப் பிடித்து இழுக்கும். வாயைத் திறந்தால் வெடித்துவிடும் என்பதால் காலையில் கஞ்சி கிடையாது.

அப்புறம் வேலை. எங்கள் வேலை நடப்பது. கழுத்தைச் சாய்த்து, ஒரு காலை இழுத்து, வெறுங்காலோடு, மே மாத வெயிலில் சிமென்ட் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. பத்து மணிக்குமேல் களத்தில் கால் வைத்தால் தோல் சற்று யோசித்துவிட்டுத்தான் காலோடு வரும். நாள் பூராவும் நாற்று நட்டுவிட்டு வரும்போது நாங்கள் இதைவிடப் பிரமாதமாகக் காலை இழுப்போம். ஆனால் அப்போது யாரும் கேமரா வைப்பதில்லை.

நாங்கள் எல்லாரும் கீரப்பாளையத்தைச் சுற்றியுள்ள ஆட்கள். அறுப்பு முடிந்து, வாய்க்கால் வறண்டு, கையில் வேலை இல்லாத மாதம். நடவுக்கு ஆள் கூட்டிப் போகும் ராமாமிர்தம் இந்த முறை பிணத்துக்கு ஆள் கூட்டினார்.

இடம், சேத்தியாத்தோப்பு ரோட்டோரம் இருபது வருஷமாக மூடிக் கிடந்த ரைஸ் மில். கடலூர்ப் பக்கத்தையே புரட்டிப்போட்ட ‘தானே’ புயல் அதன் கூரைத் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தது. செட்டுச் செலவு மிச்சம் என்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள், பழைய மில் முதலாளியின் மகன் சிவசங்கர். படத்துக்குத் தயாரிப்பாளர் அவர், டைரக்டர் அவர், கதாநாயகனும் அவரே. அக்னி நட்சத்திரத்தில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடமாடினார் என்பதால் அவருடைய உழைப்பையும் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஜாம்பி என்றால் என்ன என்று முதல் நாளே விளக்கினார். “செத்துப்போனவங்க. ஆனா எழுந்து நடப்பாங்க. மூளை கெடையாது. சொன்ன பக்கம் கூட்டமா போவாங்க.”

“ஓட்டுப் போடப் போற மாதிரியா சார்?” என்று கேட்டார் பக்கிரி. வாலிபத்தில் இதே மில்லில் மூட்டை தூக்கியவர் அவர்.

“என் ஜாம்பி புதுசு. யாரையும் கடிக்காது. முன்னாடி வேலை செஞ்ச எடத்துக்கே திரும்பி வரும்.”

“வேலை கேட்டா?”

“இல்லய்யா. பயமுறுத்த.”

அன்று மத்தியானம் வேஷத்தோடு இரண்டு பேர் டீக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கொதிக்கிற பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினார். அதோடு இரும்புக் கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. சாவி தோல் ஜாக்கெட்டுக்குள் போயிற்று. கன்டின்யுட்டி என்று அதற்குப் பெயர் சொன்னார் சிவசங்கர். நேற்று வலது கன்னம் கிழிந்திருந்த பிணத்துக்கு இன்றைக்கும் வலது கன்னம்தான் கிழிந்திருக்க வேண்டுமாம். வீட்டுக்கு அனுப்பினால் முகம் கழுவிவிடுவோமாம். ஆகவே படம் முடியும்வரை குடோன் தரையில் தூக்கம். கதை வெளியே கசிந்துவிடும் என்று எங்கள் செல்போன்களையும் ஒரு உரச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டார்கள். மதில்மேல் கண்ணாடிச் சில்லு. மேலே பார்த்தால் கூரை இல்லை, வானம் மட்டும் தாராளமாகத் திறந்திருந்தது.

முதல் நாள் பிரியாணி போட்டார்கள். மறுநாள் தக்காளி சாதம். அதற்கப்புறம் தயிர் சாதம், அதுவும் ஷாட் முடிந்த பிறகு.

“சார், வயிறு ஒட்டிப்போச்சி. சோறு எப்ப?” என்று கேட்டாள் தைலம்மாள். எங்கள் நடவுக் கூட்டத்துக்கு அவள்தான் தலை.

“கதைப்படி நீங்க சாப்பிடறதே இல்லம்மா. பசி மொகத்துல தெரியணும்.”

“அது எங்களுக்கு நல்லாத் தெரியுது சார். ஒங்க கேமராவுக்குத்தான் இன்னும் தெரியல போலருக்கு.”

விபத்து நடந்தது ஏணியில். நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு மேலே பழைய மரப்பரண் ஒன்று உண்டு. கதாநாயகன் அதில் நிற்க, பிணங்கள் ஏணி வைத்து ஏற வேண்டும். புயலுக்குப் பிறகு மழையில் ஊறிக் காய்ந்த மரம் அது. “இது தாங்காது சார்” என்று தைலம்மாள் சொன்னாள். “நான் நிக்கல?” என்றார் சிவசங்கர். அவர் நின்ற மூலைக்குக் கீழே மட்டும் புது இரும்புக் கால் கொடுத்திருந்தது.

முதலில் ஏறியவள் கொளஞ்சியம்மாள். புருஷன் திருப்பூரில் இருக்கிறான், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், நடவில் அவள் கை வேகத்துக்கு யாரும் ஈடு கிடையாது. பரணின் விளிம்பு ஏணியோடு பெயர்ந்து வந்தது. தொட்டியின் சிமென்ட் விளிம்பில் அவள் கால் பட்ட சத்தம், காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல எல்லாருக்கும் கேட்டது.

கட் சொல்ல சிவசங்கருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஷாட் நன்றாக வந்துகொண்டிருந்தது.

கொளஞ்சியம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து, ஒரு காலை இழுத்து இரண்டடி வைத்தாள். சிவசங்கர் பரணிலிருந்து கைதட்டினார். “பாத்தீங்களா? இதான் நடை! இத்தன நாளா இதத்தான சொல்லிக்கிட்டிருந்தேன்!” அவள் விழுந்தாள். கணுக்காலுக்கு மேலே, மடங்கக் கூடாத இடத்தில் கால் மடங்கியிருந்தது. அப்போதுதான் அவர் வாயை மூடினார்.

“கேட்டத் தொறங்க சார். 108க்குப் போன் போடுங்க” என்றாள் தைலம்மாள்.

“108 வந்தா போலீஸும் வரும். இங்க ஷூட்டிங்குக்குப் பர்மிஷனே வாங்கல. சாயங்காலம் பேக்கப் ஆனதும் என் கார்லயே அனுப்புறேன். அதுவரைக்கும் மாத்திரை குடுங்க.”

“சாயங்காலம்னுதான சொல்றாரு தைலு” என்றார் ராமாமிர்தம்.

“ஒன் கால் ஒடஞ்சிருந்தா சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குவியா மாமா? கால் கோணையா கூடிச்சின்னா இவ எப்படிச் சேத்துல எறங்குவா? அந்தப் புள்ளைங்களுக்கு யாரு ஒல வைக்கிறது?”

நெல் மூடும் படுதாவில் கொளஞ்சியம்மாளைக் கிடத்திக் குடோனுக்குள் வைத்துவிட்டு, எங்களைக் களத்துக்கு ஓட்டிப்போனார்கள். அடுத்தது எல்லாரும் மொத்தமாகச் சாகும் ஷாட். கதாநாயகன் துப்பாக்கியைச் சுழற்றிச் சுட்டார். வாயாலேயே சத்தமும் கொடுத்தார். நாங்கள் விழுந்தோம்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு காட்சியில் நடித்தவர்கள், கட் சொன்னதும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். செத்தது பொய் என்று அப்படித்தான் முறித்துவிடுவார்களாம். சிரிக்காமல் விட்டால் நடித்தவருக்கும் ஆகாது, படத்துக்கும் ஆகாது. சிவசங்கரின் முந்தைய படத்தில் செத்த ஒருவர், அவசரமாகச் சிரிக்காமல் பாத்ரூம் போய்விட்டார். படம் அந்த வாரமே தியேட்டரை விட்டுப் போனது. கதையில் கோளாறு என்று சிலர் சொன்னார்கள். சிவசங்கர் நம்பவில்லை.

நடவு வரிசையில் எங்களுக்கு ஒரு பழக்கம். வரப்பில் பண்ணைக்காரர் நிற்பார். நிமிராமல், கை நிற்காமல், ஒரு பேச்சு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். அவர் காதில் தண்ணீர் அலம்புகிற சத்தம் மட்டும்தான் விழும். அன்றைக்குக் களத்தில் மல்லாந்து கிடந்தபடி தைலம்மாள் அப்படி ஒரு பேச்சை அனுப்பினாள். “கொளஞ்சி போற வரைக்கும் ஒருத்தரும் சிரிக்கக் கூடாது.”

“கட்! சூப்பர்! எல்லாரும் எழுந்து சிரிங்க.”

யாரும் அசையவில்லை.

“கட் சொல்லிட்டேம்மா. ஏந்திரிங்க. யோவ் ராமாமிர்தம், என்னாய்யா இது?”

ராமாமிர்தம் குனிந்து பக்கிரியின் தோளைத் தட்டினார். “மச்சான், கட்டுன்ட்டாரு. சிரி.”

“பொணம் எப்படி மச்சான் சிரிக்கும்?” என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார் பக்கிரி.

சிவசங்கர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். “இது வெளையாட்டு இல்லம்மா. சென்ட்டிமென்ட்டு. சிரிக்கலன்னா ஒங்களுக்குத்தான் ஆகாது.”

“எங்களுக்கு ஆவாதத நாங்க பாத்துக்குறோம் சார்” என்றாள் தைலம்மாள். “அவ வண்டி ஏறட்டும். தானா சிரிப்பு வரும்.”

“போலீஸக் கூப்பிட்டா என்னாகும் தெரியுமா?”

“கூப்பிடுங்க. கேட்டத் தொறந்தாத்தான அவுங்க உள்ள வர முடியும்?”

அவர் கேமராமேன் பக்கம் திரும்பினார். அடுத்த ஷாட்டை வைக்கச் சொன்னார். கேமராமேன் நகரவில்லை. “இவ்ளோ பேரு சிரிக்காமக் கெடக்காங்க சார். நான் கேமராவத் தொட மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

ராமாமிர்தத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கிரி சாவு வீட்டில்கூடச் சிரித்துவிடுகிறவர். அதற்காகவே சொந்தக்காரர்கள் அவருக்குச் சேதியைத் தாமதமாகச் சொல்வார்கள். ராமாமிர்தம் அவர் காதோரம் உட்கார்ந்து, இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏதோ பழைய கல்யாணக் கதையை ஆரம்பித்தார். பக்கிரியின் வயிறு குலுங்கத் தொடங்கியது. முகத்துக் கூழ் உதட்டோரம் வெடித்தது. பக்கத்தில் கிடந்த தைலம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒருவர் சிரித்தால் போதும், வரிசையாக எல்லாரும் சிரித்துவிடுவோம். அந்த நேரம் குடோனிலிருந்து கொளஞ்சியம்மாள் கத்தினாள். பக்கிரியின் வயிறு அப்படியே அடங்கியது. கண்ணோரம் தண்ணீர் இறங்கி மாவில் கோடு போட்டது. ராமாமிர்தமும் கதையை முடிக்கவில்லை.

சிவசங்கர் எங்கள் நடுவில் குந்தினார். “ஒங்களுக்கு இந்தப் படம் புரியல. இருபது வருஷமா என் மனசுல இருக்கு இது. அதோ அந்த மாடி ஜன்னல்ல நின்னு பாத்தேன், சின்னப் பையனா. ஒரு கும்பல் கேட்டப் புடிச்சி உலுக்குது. கண்ணெல்லாம் செவந்திருக்கு. வாயத் தொறந்து என்னென்னமோ கத்துது. எத்தன ராத்திரி கனவுல வந்தாங்க தெரியுமா? அவுங்கதான் என் ஜாம்பி.”

பக்கிரி கண்ணைத் திறந்தார். “மில்ல மூடுன அன்னிக்கா சார்?”

“ஆமா.”

“அந்தக் கும்பல்ல நானும் இருந்தேன். சொல்லாமக் கொள்ளாம ஏன் மூடுனீங்கன்னுதான் கேட்டோம். ஒங்க காதுல அது எப்படி வுழுந்துதோ.”

சிவசங்கர் அந்த மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். “சரி, கெடங்க. வெயிலு ஏறட்டும். தானா எழுந்து சிரிப்பீங்க.” அவர் ஓய்வெடுக்கவென்று களத்தோரம் நிறுத்தியிருந்த ஏசி வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஜெனரேட்டர் சத்தம் கிளம்பியது.

வெயில் ஏறியது. முதுகுத் தோல் களத்தோடு ஒட்டிக்கொண்டது. வெல்லப்பாகு ரத்தத்துக்கு எறும்பு வந்தது, கண் இமையிலும் காதுக்குள்ளும் ஊர்ந்தது. தட்டிவிட யாரும் கையைத் தூக்கவில்லை. எழுந்தால் தோற்றோம், கிடந்தால் வெந்தோம். குடோனிலிருந்து வந்துகொண்டிருந்த முனகல் ஒன்றுதான் எங்களைப் படுக்கவைத்திருந்தது. அது நின்றுவிட்டது.

“சத்தத்தக் காணும்” என்றாள் தைலம்மாள். எழுந்துவிட்டாள். “படுத்தது போதும். ஏந்திரிங்க.”

சிரிக்காமல்தான் எழுந்தோம். கொளஞ்சியம்மாளுக்கு மூச்சு இருந்தது, நினைவு இல்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. படுதாவின் ஓரங்களைச் சுற்றிலும் பிடித்தோம். கால் ஆடாமல் பக்கிரி அணைத்துக்கொண்டார். இரண்டு காலாலும் ஒழுங்காக நடந்து கேட்டுக்குப் போனோம். ராமாமிர்தம் எங்களோடும் வரவில்லை, வண்டிக்கும் ஓடவில்லை. நடுக்களத்தில் நின்றார்.

கேட்டைப் பிடித்து உலுக்கினோம். துரு உதிர்ந்தது. வண்டிக் கதவு திறந்தது. சிவசங்கர் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. “கேமரா! ரோல் பண்ணு! இதான்யா ஷாட்டு! நான் கேட்டது இதான்!”

“பேட்டரி தீந்துபோச்சி சார்” என்றார் கேமராமேன். பேட்டரியை எல்லார் கண்ணெதிரேயும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கத்தில் வந்து கேட்டுக் கம்பியைப் பிடித்தார்.

சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் போகிற டவுன் பஸ் கிறீச்சிட்டு நின்றது. ஜன்னல்களில் அலறல். பின்வாசல் வழியாகப் பாதிப் பேர் குதித்து வயலுக்குள் ஓடினார்கள், முதல் ஆளாகக் கண்டக்டர்.

“ஓடாதீங்க!” என்று கத்தினாள் தைலம்மாள். கன்னத்தில் தொங்கிய தாளைப் பிடித்து இழுத்தாள். கூழ் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் வெந்து சிவந்த, எங்களுக்குத் தெரிந்த முகம் வந்தது. “நாங்க மனுசங்கதான்! கீரப்பாளையம் தைலம்மா நானு! உள்ள பூட்டி வச்சிருக்காங்க! கால் ஒடஞ்ச பொண்ணு இருக்கா!”

நாங்களும் முகத்தைப் பிய்த்தோம். கன்டின்யுட்டி கேட்டடியில் குப்பையாகக் குவிந்தது. பின்னால் சிவசங்கர் ஏதோ கூவிக்கொண்டிருந்தார். அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

பஸ்ஸிலிருந்து காலி மீன் கூடையோடு ஒரு பெண் இறங்கி, ரோட்டைக் கடந்து வந்தாள். எங்கள் தெருக்களுக்கு மீன் கொண்டுவரும் புஷ்பவள்ளி. கம்பிக்கு இந்தப் புறம் உற்றுப் பார்த்தாள்.

“தைலு? என்னாடி இது கோலம்?” அப்புறம் படுதாவைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். வயல் பக்கம் திரும்பி, மீன் விற்கிற குரலில் கூப்பிட்டாள். “யோவ் கண்டக்டரு! பொணமும் இல்ல, பேயும் இல்ல! நம்ம சனந்தான்யா! ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வா!”

வயலில் ஓடியவர்கள் நின்றார்கள். ஒருவர் திரும்பினார், பிறகு இன்னொருவர். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, ஜாக்கி போடும் கடப்பாரையோடு இறங்கினார்.

பூட்டு அப்படியேதான் இருந்தது.

புஷ்பவள்ளி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியிலிருந்து கம்பியைப் பிடித்தாள். “ஆளுக்கொரு பக்கம் இழுத்தா வராதுடி” என்றாள். “ஒண்ணா இழுக்கணும். எல்லாரும் வரட்டும், இரு.”