தேவகனி டீச்சருக்குப் புரியாத பாட்டு

எழுபத்து மூன்றாம் வருஷம், நவம்பர் மாதம். கடலோர ஊரான பெரியதாழையின் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திய ஜேசுபாதம் சாருக்குத் தொண்டை கட்டி, குரலே அடைத்துவிட்டது. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். பரீட்சை நெருங்கியிருந்ததால் லீவு போட மனமில்லாமல் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். பாடம் நடத்தத் தையல் டீச்சர் தேவகனியை அனுப்பிவிட்டார்கள்.

ஜேசுபாதத்துக்கு மனசு ஆறவில்லை. பதினோரு வருஷமாகப் பதம் பிரித்தும், ராகம் போட்டுப் பாடியும் பார்த்துவிட்டார். செய்யுள் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். தையல் டீச்சர் என்ன செய்துவிட முடியும்?

தேவகனி ஒரு பாட்டை வாசித்தாள். கரையைத் தொட்ட அலை வெட்கப்பட்டுத் திரும்புவதாக ஒரு வரி வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"ஏ பிள்ளையளா, நான் சாத்தான்குளத்துக்காரி. கடலை இல்ல, செம்மணல் தேரியைப் பாத்து வளந்தவ. அலை எதுக்கு வெக்கப்படணும்? எனக்கு வெளங்கல்ல, நீங்க சொல்லுங்க."

அதுவரை வாய்விட்டு ஒரு வரி வாசித்தறியாத பிலோமினா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"வெக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர். பொய் எழுதியிருக்காவ."

"அப்ப எப்படி எழுதணும்?"

"எதையோ மறந்து வச்சிட்டு வந்த மாதிரி திரும்பி ஓடும் டீச்சர்."

"இல்லளா," என்றாள் பக்கத்திலிருந்த ஆக்னஸ். "வாடைக் காத்துல அது கோவிச்சிக்கிட்டுல்லா போவும். எங்கம்மை கதவைச் சாத்துத மாதிரி!"

வகுப்பே சிரித்தது. இது உவமை, அது கற்பனை என்று எடுத்துச் சொல்ல ஜேசுபாதத்துக்கு நாக்குத் துடித்தது. குரல்தான் இல்லையே. அதற்குள், அடுத்த வரியில் என்ன பொய் இருக்கிறதென்று பார்க்கப் பிள்ளைகள் புத்தகத்தின்மேல் கவிழ்ந்துவிட்டார்கள். காயப்போட்ட வலையில் நிலா சிக்கிக்கொண்டது என்றிருந்தது அந்த வரி.

பிலோமினா சிரிக்கவில்லை. "இது நெசம் டீச்சர். நான் பாத்திருக்கேன்," என்றாள். யாரும் கேளாமலே அந்த வரியை இன்னொரு தரம், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் வாசித்தாள். ஜேசுபாதம் தன் புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டார்.

குரல் திரும்பியதும் நேரே தையல் அறைக்குப் போனார். "ஒண்ணும் புரியாதவ மாதிரி எப்படி டீச்சர் அப்படி நடிச்சிய?"

தேவகனி ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தினாள். "நடிப்பா? நெசமாவே வெளங்கல்ல சார். கேட்டேன்."

ஜேசுபாதம் கையெடுத்துக் கும்பிட்டார். "இனி பாட்டு நடத்துத அன்னைக்கெல்லாம் நீங்களும் வந்து உக்காரணும். கேளுங்க. நானும் கேக்கப் படிச்சுக்கிடுதேன்."

வருஷக் கடைசியில், பரீட்சைக்கு இல்லாத பாட்டுகளையும் வாசித்து முடித்துவிட்டு, எட்டாம் வகுப்புப் புத்தகம் கிடைக்குமா என்று அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள் பிலோமினா.